நிலையாமையும் நினைவும்: நளினி மலானியின் அசையும் ஓவியங்கள்

கலை நிலைத்து நிற்றல் வேண்டும் என்பது பொதுவாக யாவரும் உடன்படும் கொள்கையாகும். கல்லிற் செதுக்கிய சிற்பமும், சுவரில் தீட்டிய ஓவியமும், ஏட்டில் எழுதிய பாட்டும் தம்மைப் படைத்தாரின் வாழ்நாளைக் கடந்து நிற்றலாலேயே பெருமை பெறுகின்றன என நாம் கருதுகின்றோம். ஆயின், தாம் அரிதின் முயன்று வரைந்த சுவரோவியத்தைக் காட்சி முடிந்தவுடன் அழிக்கச் செய்து, அவ்வழித்தலையும் கலையின் ஓர் உறுப்பாகவே கொண்ட கலைஞர் ஒருவர் நம் நாட்டில் உள்ளார். அவர் நளினி மலானி. இந்தியாவில் திரைப்படச் சோதனைகளிலும், 'வீடியோ' எனப்படும் ஒளிப்பதிவுக் கலையிலும் முன்னோடியாக விளங்கும் பெண் கலைஞர் அவரே.

அவர்தம் கலைவாழ்வை நோக்குவார்க்கு இரண்டு வினாக்கள் எழுதல் இயல்பு. ஓவியம் பயின்ற ஒருவர் திரைப்படத்தையும், நாடக மேடையையும், வீடியோவையும், சுழலும் உருளைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக நாடியது ஏன்? தம் கைப்படைப்பைத் தாமே அழியவிட்டது ஏன்? புதுமை வேட்கையே இரண்டிற்கும் காரணம் என்பார் உளர். அது பொருந்தாது என்பதும், சொல்ல எடுத்துக்கொண்ட பொருளே கருவியைத் தேர்ந்தது என்பதும் எம் கருத்து. அதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

1. பிறப்பும் பயிற்சியும்

நளினி மலானி 1946ஆம் ஆண்டு கராச்சியில் பிறந்தார். அடுத்த ஆண்டே நாடு பிளவுபட்டது. ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்கள் தம் வீடு வாசல்களை விட்டுப் பெயர்ந்த அக்காலத்தில், அவர் குடும்பமும் கராச்சியை விட்டுக் கல்கத்தாவிற் குடியேறிற்று. பின்னர்ப் பம்பாய் நகரை அடைந்தது. பிறந்த ஊரை நினைவில் வைத்தற்கும் இயலாத இளங்குழவிப் பருவத்திலேயே அவ்வூரை இழந்தவர் அவர். இழந்த ஊரைப் பற்றி அவர் அறிந்தன எல்லாம் பெரியோர் வாய்மொழியாற் கேட்டனவே. தாம் காணாத ஒன்றைப் பிறர் நினைவின் வழியாகக் காணவேண்டிய இந்நிலை பிற்காலத்தில் அவர் கலையின் அடிப்படையாயிற்று என்பதை நாம் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

பம்பாயிலுள்ள சர் ஜே. ஜே. கலைப்பள்ளியில் ஓவியம் பயின்று 1969இல் பட்டயம் பெற்றார். மாணவராக இருந்தபோதே பூலாபாய் நினைவு நிலையத்தில் அவருக்குத் தனிப் பணியறை ஒன்று கிடைத்தது. ஓவியர், இசைவாணர், நடனக் கலைஞர், நாடக ஆசிரியர் ஆகியோர் ஒரே கட்டடத்தில் அடுத்தடுத்துப் பணிபுரிந்த இடம் அது. கலைகளுக்கிடையே வேலி இல்லை என்னும் பாடத்தை அவர் பள்ளியில் அன்றி இந்நிலையத்திலேயே கற்றார் எனல் தகும்.

2. 1969ஆம் ஆண்டுப் படங்கள்

புகழ்பெற்ற ஓவியர் அக்பர் பதம்சீ, தமக்குக் கிடைத்த நேரு உதவித்தொகையைக் கொண்டு 1969இல் பம்பாயில் ஒரு பட்டறையை அமைத்தார். 'காட்சிப் பரிமாற்றப் பட்டறை' என்னும் பொருள்படும் பெயருடைய அவ்விடத்தில், ஓவியர்களும் திரைப்படக் கலைஞர்களும் உளப்பகுப்பாய்வாளரும் ஒருங்கு கூடினர். படக்கருவிகளும் இருட்டறையும் அங்கு அனைவர்க்கும் பொதுவாயின. மலானி அதன்கண் சேர்ந்தபோது அவருக்கு அகவை 23.

அங்கு அவர் முதலில் படக்கருவியின் துணையின்றியே, ஒளியுணர் தாளின்மீது நேரே ஒளியைப் படியவிட்டு ஒளிப்படங்கள் ஆக்கினார். அவ்வாண்டிலேயே குறும்படங்களும் எடுத்தார். அவற்றுள் 'கனவு இல்லங்கள்' என்பது 8 மில்லிமீட்டர் வண்ணப் படச்சுருளில் அமைந்தது. சிறிய மாதிரி வடிவங்களை அமைத்து, அவற்றின்மீது வண்ண ஒளிகளைப் பாய்ச்சி, சட்டம் சட்டமாகப் படம் பிடித்து அதனை உருவாக்கினார். கட்டடக் கலைஞர் சார்லசு கொரியா முதலியோர் புதிய பம்பாய் நகரைப் பற்றிக் கனவு கண்ட காலம் அது. எல்லார்க்கும் இல்லம் கிடைக்கும் என்னும் அந்நாளைய நம்பிக்கை அப்படத்தின் வண்ணங்களில் ஒளிர்கின்றது.

ஏழாண்டுகள் கழித்து, நாட்டில் நெருக்கடி நிலை நிலவிய 1976இல், அவர் 16 மில்லிமீட்டர் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை ஆக்கினார். மாடி வீட்டிலிருந்து, குடிசைகள் மண்டிய நகரை நோக்கி நிற்கின்றாள் ஓர் இளம்பெண். இப்படத்தையும் முன்னைய வண்ணப் படத்தையும் அருகருகே ஒரே வேளையில் ஓடவிட்டு, இரண்டிற்கும் சேர்த்துக் 'கற்பனைப் பொன்னுலகம்' என்னும் பொருளுடைய 'யுட்டோப்பியா' எனப் பெயரிட்டார். ஒரு திரையில் வாக்குறுதி. மறு திரையில் அதன் விளைவு. இரண்டையும் ஒருசேரக் காணும் கண்ணுக்கு விளக்கவுரை வேண்டுவதில்லை. ஓர் ஓவியச் சட்டத்துள் இக்கால வேறுபாட்டை அடக்குதல் அரிது. இரு படங்களும் இணைந்து ஓடுதலாலேயே இப்பொருள் பிறக்கின்றது. பொருளே கருவியைத் தேர்ந்தது என யாம் கூறியதற்கு இது முதற் சான்று.

மற்றொரு சான்று 1973இல் ஆக்கப்பெற்ற 'விலக்கு' என்னும் பொருள்படும் 'டபூ' என்ற படம். நெசவாளர் சமூகம் ஒன்றில் பெண்கள் நூலை ஆயத்தம் செய்யலாம். தறியைத் தொடுதல் ஆகாது. இவ்வழக்கத்தையே அப்படம் காட்டுகின்றது. கையின் அசைவையும் அவ்வசைவிற்கு இடப்பட்ட எல்லையையும் ஒருங்கே காட்டுதற்கு அசையும் படமே ஏற்ற கருவியாயிற்று.

இவ்விடத்து ஒன்று தெளிதற்குரியது. வீடியோக் கலை மேனாட்டினின்று பிற்காலத்தே நாம் இரவல் பெற்றது என்பார் உளர். சோனி நிறுவனத்தின் எடுத்துச் செல்லத்தக்க வீடியோக் கருவி வெளிவந்தது 1967இல். பம்பாய்ப் பட்டறை தோன்றியது 1969இல். எனவே, காலத்தால் இரண்டும் ஏறத்தாழ ஒத்தனவே. ஆயின் வேர் வேறு. அமெரிக்கக் கலைஞர் பலர் வீட்டுக்கு வீடு நுழைந்துவிட்ட தொலைக்காட்சியை எதிர்த்தும் எள்ளியும் வீடியோவைக் கையாண்டனர். இந்தியாவிலோ, தொலைக்காட்சி 1959இல் டில்லியில் தொடங்கிற்று. பம்பாய்க்கு வந்தது 1972இல்தான். ஆகவே, மலானி 1969இல் படம் எடுத்தபோது அவர் வாழ்ந்த நகரில் தொலைக்காட்சியே இல்லை. அவர் படக்கலை ஓவியத்தினின்றும், திரைப்படத்தினின்றும், பின்னர் நாடகத்தினின்றும் கிளைத்தது. பிறர் வழியைப் பின்பற்றியதன்று.

3. ஓவியத்திற்கு மீண்டமை

பிரெஞ்சு அரசின் உதவித்தொகை பெற்று 1970 முதல் 1972 வரை அவர் பாரிசு நகரில் தங்கினார். மாணவர் கிளர்ச்சியின் வெப்பம் தணியாத அக்காலத்தில், அறிஞர் பலரின் சொற்பொழிவுகளைக் கேட்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. அங்கேயே தங்கிவிடாது தாய்நாடு திரும்பினார்.

திரும்பியவர்க்குப் படம் எடுக்கும் வாய்ப்பு அருகிற்று. பதம்சீயின் பட்டறை நீடிக்கவில்லை. அதில் உருவான சோதனைப் படங்களுக்குக் காட்சிக்கூடமும் இல்லை. சுவைப்போரும் மிகச் சிலரே. பதம்சீயே எடுத்த இரண்டு படங்களுள் ஒன்று பின்னர்க் காணாமற் போயிற்று. படச்சுருள் எத்துணை எளிதில் மறைந்துபோகும் என்பதை மலானி தம் தொடக்க நாளிலேயே அறிந்தார்.

ஆதலின் அவர் தூரிகையை மீண்டும் கையிற் கொண்டார். 1981இல் பம்பாயிலும் டில்லியிலும் நடைபெற்ற 'மக்களுக்கோர் இடம்' என்னும் கண்காட்சியில், பூபேன் கக்கர், விவான் சுந்தரம் முதலிய ஐவருடன் அவரும் இடம்பெற்றார். மனித உருவங்களையும் அன்றாட வாழ்வையும் ஓவியத்துள் மீட்டுக் கொணர்ந்த கண்காட்சி அது. பம்பாயில் அவர் பணியறை அமைந்திருந்த லோகார் சால் பகுதி, வணிகரும் சுமைதூக்குவோரும் நெருங்கி வாழும் இடம். அம்மக்களையே வரிசை வரிசையாக நீர்வண்ணத்தில் தீட்டினார்.

1979இல் நியூயார்க்கு நகரில் பெண் கலைஞர்களே நடத்திய ஏ.ஐ.ஆர். காட்சிக்கூடத்தை அவர் கண்டார். அக்காட்சியே, இந்தியப் பெண் ஓவியர்களை ஒருங்கு சேர்க்கும் எண்ணத்தை அவருக்கு ஊட்டிற்று. அர்பிதா சிங், நீலிமா சேக், மாதவி பாரேக் ஆகிய மூவருடன் மலானி இணைந்து நடத்திய கண்காட்சி 1987 முதல் 1989 வரை நாட்டின் பல ஊர்களுக்குச் சென்றது. எண்ணம் செயலாதற்கு எட்டாண்டுகள் சென்றன என்பதிலிருந்தே அன்றைய சூழ்நிலையை நாம் உணரலாம்.

4. அழியும் சுவர்

1992இல் பம்பாயிலுள்ள கெமோல்டு காட்சிக்கூடத்தில் 'ஆசைகளின் நகரம்' என்னும் படைப்பை அவர் அமைத்தார். சுவர்களின்மீதே நேரிற் படம் வரைந்தார். காட்சி முடிந்ததும் அச்சுவர்கள் வெள்ளையடிக்கப்பட்டன. வாங்குவார்க்கும் விற்பார்க்கும் எதுவும் எஞ்சவில்லை. இராசத்தானத்து நாதத்துவாராவில் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் பேணுவாரின்றிச் சிதைந்து வந்த நிலையை இப்படைப்பு நினைவூட்டிற்று. பேணாமையால் அழியும் ஓவியங்களைக் கண்டு வருந்தாதவர், தம் கண்முன் வேண்டுமென்றே ஓர் ஓவியம் அழிக்கப்படும்போது திடுக்கிடுகின்றனர். அத்திடுக்கீடே கலைஞர் வேண்டிய பயன். கண்ணுக்கு முன் இல்லாததை உள்ளத்தால் தேடும்படி அவர் நம்மை ஏவுகின்றார்.

அவ்வாண்டு திசம்பரில் அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்டது. தொடர்ந்து 1993 சனவரி வரை பம்பாயில் கலவரங்கள் மூண்டன. பிரிவினையாற் பெயர்ந்த குடும்பத்திற் பிறந்தவர், அப்பிரிவினையின் நிழல் தம் நகரத் தெருவில் மீண்டும் விழுந்ததைக் கண்டார். இதன் பின்னர், தனிச் சட்டகத்துள் அமைந்து, தனியொருவர் வீட்டுச் சுவரில் தொங்கும் ஓவியம் மட்டும் போதாது என்னும் எண்ணம் அவரிடம் வலுப்பெற்றதை அவர் படைப்புக்கள் காட்டுகின்றன. 1993இல் செருமானிய நாடக ஆசிரியர் ஐனர் முல்லரின் மெடியா நாடகத்தை நடிகை அலகநந்தா சமர்த்துடன் இணைந்து மேடைக்குக் கொணர்ந்தார். ஓவியமும் ஒளியும் நடிப்பும் உடலும் ஒன்றாயின. படக்கலைக்கு அவர் திரும்பிவரும் வாயில் இந்நாடகமே.

5. தகரப் பெட்டிகளுள் ஒளி

1998 மே மாதத்தில் இந்தியா பொக்ரானிலும், பாகிசுத்தான் சாகாயிலும் அணுகுண்டுச் சோதனைகள் நடத்தின. ஒரே நாடாயிருந்து பிரிந்த இரண்டும் ஒன்றையொன்று அழிக்க வல்லன என உலகிற்கு அறிவித்தன. அதற்கு மலானி அளித்த மறுமொழியே 'டோபா டேக் சிங்கை நினைந்து' என்னும் வீடியோப் படைப்பு. 1999இல் பம்பாய் வேல்சு இளவரசர் அருங்காட்சியகத்தில் அது வைக்கப்பெற்றது. கலை வல்லுநர் மட்டுமே செல்லும் கூடமன்று அது. ஊர் பார்க்க வருவோரும் பிள்ளைகளுடன் நுழையும் பொது இடம்.

பெயர்க் காரணம் அறிதற்குரியது. உருது எழுத்தாளர் சாதத் அசன் மண்டோவின் சிறுகதை ஒன்றின் தலைப்பே 'டோபா டேக் சிங்' என்பது. பிரிவினைக்குப் பின்னர் மனநோய் மருத்துவமனைகளில் இருந்தோரையும் இரு நாடுகளும் சமயவாரியாகப் பங்கிட்டுக்கொள்ள முனைகின்றன. பிசன் சிங் என்னும் முதியவர் தம் ஊர் எந்நாட்டில் உள்ளது எனக் கேட்டுக்கொண்டே இருக்கின்றார். இறுதியில் இரு நாட்டு முள்வேலிகளுக்கும் இடையே, எவர்க்கும் உரித்தாகாத நிலத்தில் வீழ்கின்றார்.

மலானியின் படைப்பில், எதிரெதிர்ச் சுவர்களில் இரு பெண்களின் உருவங்கள் தோன்றுகின்றன. இருவரும் ஒரே சேலையின் இரு தலைப்புக்களையும் பற்றி மடிக்க முயல்கின்றனர். நம் வீடுகளில் நாள்தோறும் நிகழும் எளிய செயலே. ஆயின் இடையே ஓர் அறையின் அகலம் கிடக்கின்றது. நடுச்சுவரில் அணுகுண்டு வெடிக்கும் காட்சி தோன்றுகின்றது. சேலை மடிவதில்லை. தரையில் தகரப் பெட்டிகள் திறந்து கிடக்கின்றன. மெத்தைத் துணிகளுக்கு நடுவே ஒவ்வொரு பெட்டியுள்ளும் ஒரு தொலைக்காட்சிக் கருவி. அவற்றில் ஊர் பெயரும் மக்களின் பழைய படங்கள். பெயர்ந்து செல்லும் குடும்பம் தன் உடைமைகளை எடுத்துச் செல்லும் பெட்டி, இங்கு அதன் நினைவுகளைச் சுமக்கின்றது. பளபளக்கும் தரையில் படங்களுடன் காண்போர் உருவமும் தெரிகின்றது. விலகி நின்று பார்த்தற்கு அங்கு இடமில்லை.

1969இல் படச்சுருள் செய்த பணியை 1998இல் வீடியோ விரிவாகச் செய்தது. இரு திரைகளில் தொடங்கிய எதிர்நிலை, இங்கு ஓர் அறை முழுதும் பரவிற்று. கருவி மாறினும் கலைஞரின் நோக்கு மாறவில்லை.

6. சுழலும் உருளைகள்

மலானியின் மற்றொரு கண்டுபிடிப்பு, வீடியோவையும் நிழலாட்டத்தையும் இணைத்தது. ஒளி ஊடுருவும் மெல்லிய தகட்டின் பின்புறத்தில் அவர் ஓவியம் தீட்டுகின்றார். கண்ணாடி ஓவியர் கையாளும் இம்முறையைப் பூபேன் கக்கரிடம் அவர் கற்றார். நம் தஞ்சைக் கண்ணாடி ஓவியங்களைக் கண்டவர்க்கு இம்முறை புதிதன்று. முன்புறம் தோன்றவேண்டிய கோடுகளையும் நுண்பணிகளையும் முதலிலும், பின்னணியை இறுதியிலும் தீட்டவேண்டும். வழக்கமான முறையில் கடைசியில் வருவது இங்கு முதலில் வரும்; ஒருமுறை தீட்டியதைத் திருத்துதல் அரிது.

இவ்வாறு தீட்டிய தகடுகளை உருளைகளாக வளைத்துத் தொங்கவிட்டு மெல்லச் சுழலச் செய்கின்றார். வீடியோ ஒளி அவற்றினூடே பாய்ந்து சுவரை அடைகின்றது. ஓவியத்தின் நிழலும் வீடியோவின் உருவமும் ஒன்றன்மீது ஒன்றாகக் கலந்து நகர்கின்றன. தோற்பாவைக் கூத்தில் விளக்கொளி வண்ணத் தோலினூடே பாய்ந்து வெண்டுணியில் உருவாதலை அறிந்த நாம், இதன் அடிப்படையை எளிதில் உணரலாம். வேறுபாடு ஒன்றுண்டு. கூத்தில் பாவையை இயக்குவோன் கதையை நிரல்படச் சொல்லிச் செல்வான். மலானியின் அறையில் கதைகள் ஒன்றையொன்று மறித்தும் மூடியும் வருகின்றன.

2001இல் ஆக்கிய 'மீறல்கள்' இவ்வகையினது. 2012இல் செருமனியின் காசல் நகரில் நடந்த பதின்மூன்றாம் டாக்குமெண்டா கண்காட்சியில் இடம்பெற்ற 'மறைந்த குருதியைத் தேடி' என்பது இவ்வகையின் பெருவளர்ச்சி. ஆறு வீடியோக்களும் ஐந்து சுழல் உருளைகளும் அதன்கண் உள. பைசு அகமது பைசின் கவிதையொன்று அதற்குத் தலைப்பளித்தது. கிறிசுதா உல்ப் புதிதாக எழுதிய கசாந்திராவின் கதையும், மகாசுவேதா தேவியின் 'திரௌபதி' என்னும் சிறுகதையும் அதற்குத் தூண்டுதல் ஆயின. கசாந்திரா வருவது உரைத்தும் நம்பப்படாதவள். மகாசுவேதா தேவியின் திரௌபதியோ, தன்னைச் சிதைத்தவர் முன்னர் உடையுடுக்க மறுத்து நின்று அவர்களை அஞ்சச் செய்தவள். சொல்லியும் கேட்கப்படாத பெண்ணும், உடலையே சொல்லாக்கிய பெண்ணும் ஒரே ஒளியில் வந்து கலக்கின்றனர்.

இக்கருத்தின் முன்னோடி 2005இல் வெனிசு நகரக் கலைவிழாவின்போது காட்டப்பெற்ற 'பாரத அன்னை' என்னும் ஐந்திரைப் படைப்பு. மானிடவியல் அறிஞர் வீணா தாசின் கட்டுரையொன்று அதற்கு ஊற்றாயிற்று. நாட்டைப் பெண்ணாக உருவகித்துப் போற்றுவோரே, பகை மூண்ட காலத்தில் பெண்ணின் உடலைப் போர்க்களமாக்கினர் என்னும் முரணை 1947, 2002 ஆகிய ஆண்டுகளின் கொடுமைகளைக் கொண்டு அது உணர்த்துகின்றது.

7. தடையும் விடையும்

இங்கு ஒரு தடை எழுப்பலாம். துன்பத்தை அழகிய ஒளியும் நிழலுமாக மாற்றுதல் அத்துன்பத்தின் கூர்மையை மழுக்கிவிடாதா? உற்றவர் ஊமையராய் இருக்க, உலகப் பெருநகரங்களின் அருங்காட்சியகங்களில் அவர்தம் துயர் காட்சிப்பொருள் ஆகலாமா?

இத்தடை புறக்கணிக்கத்தக்கதன்று. அருங்காட்சியகம் செல்வோர் எங்கும் ஒரு சிலரே என்பதும் உண்மை. ஆயினும் இரண்டு கூறலாம். முதலாவது, மலானியின் சுவரில் எந்த உருவமும் நின்று நிலைப்பதில்லை. ஒன்றைப் பார்த்து முடிக்குமுன் மற்றொன்று அதனை மறைக்கின்றது. துன்புற்றவளைக் கண்டு நுகரும் வாய்ப்பை அவர் காண்போருக்குத் தருவதில்லை. தேடும் கடமையையே தருகின்றார். இரண்டாவது, உற்றவர் சொற்கள் பதிவேடுகளில் இல்லை. பிரிவினைக் காலத்தில் துயருற்ற பெண்களுட் பலர் தம் வீட்டாரிடமும் வாய் திறந்திலர். இல்லாத சான்றை உள்ளதுபோல் காட்டுதல் பொய். காட்டாதே விடுதல் மறதி. தோன்றி மறையும் நிழல் இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழி. ஏதோ ஒன்று இருந்தது, அதனை நாம் இழந்தோம் என்பதை அது பொய்யின்றிச் சொல்கின்றது.

8. முடிவுரை

தோன்றிய காலத்தில் காண்பாரற்றுக் கிடந்த 1969ஆம் ஆண்டுப் படங்கள், 2017இல் பாரிசின் பாம்பிடூ மையத்திலும் 2018இல் இத்தாலியின் ரிவோலிக் கோட்டை அருங்காட்சியகத்திலும் நடந்த பெருங்கண்காட்சியில் உரிய இடம் பெற்றன. அக்கண்காட்சிக்கு 'இறந்தோரின் கிளர்ச்சி' எனப் பெயர். 2013இல் புக்குவோக்கா விருதும், 2019இல் சுவான் மீரோ விருதும், 2023இல் கியோட்டோ விருதும் அவரை வந்தடைந்தன. 70 அகவையைக் கடந்தபின்னும், தொடுதிரைப் பலகையில் விரலால் வரைந்த அசைபடங்களைக் கொண்டு 'என் குரல் கேட்கிறதா?' என்னும் படைப்பை ஆக்கி, 2020இல் இலண்டன் உவைட்சாப்பல் கூடத்தில் காட்டினார். கருவி மீண்டும் மாறிற்று. வினா மட்டும் பழைய வினாவே.

தொல்காப்பியர் புறத்திணையியலில் காஞ்சித்திணைக்கு நிலையாமையைப் பொருளாக வகுத்தார். உலகம் நிலையாதது என உணர்ந்து அடங்குதல் அதன் ஒரு பயன். மலானி காட்டும் நிலையாமை அத்தகையதன்று. அவர் சுவரோவியம் அழிந்தது இயற்கையால் அன்று. மனிதர் கை அதனை அழித்தது. ஊர்கள் அழிந்ததும், பெண்களின் குரல் அடங்கியதும் அவ்வாறே. இயற்கையின் நிலையாமை நமக்கு அமைதியைக் கற்பிக்கலாம். மனிதர் செய்த அழிவு அமைதியைக் கற்பித்தல் ஆகாது, நினைவை வேண்டும். வெள்ளையடிக்கப்பட்ட சுவரின்முன் நிற்பவர், அங்கு முன்னர் என்ன இருந்தது எனத் தம்மைத் தாமே வினவுவராயின், அக்கலை தன் பயனை எய்திற்று என்பதே எம் துணிபு.